பச்சை இரட்டையன்

போன மாதம் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். காந்தங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பி.எச்டி. சேர்ந்து இது இரண்டாம் ஆண்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு குறை சொன்னாள்.

"நியோடிமியம் ஆக்சைடு ஆர்டர் பண்ணி மூணு வாரம் ஆச்சு தாத்தா. இன்னும் கூரியர் வரலை. எல்லா வேலையும் அப்படியே நிக்குது."

"எவ்வளவு சுத்தம்?" என்று கேட்டேன்.

"மூணு ஒன்பது. 99.9 சதவீதம்."

"அது லேபிள்ல போட்டிருக்கதா, இல்ல நீயே பாத்ததா மக்களே?"

சிரித்துவிட்டாள். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்கிற சிரிப்பு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் போன பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நியோடிமியம் என்ற பெயரோடு எனக்கு அறுபது வருஷத்துக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கதையை மட்டும் சொன்னால் அது வெறும் புலம்பல் ஆகிவிடும். அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு விவசாயக் கல்லூரியில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் புரியும்.

நான் பிறந்தது 1940-இல், மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். எங்கள் கடற்கரை மணலில் கறுப்பு வரிகள் ஓடும். மழைக்காலம் முடிந்து கடல் பின்வாங்கும்போது இன்னும் அதிகமாகத் தெரியும். அந்தக் கறுப்பு இல்மனைட். அதன் இடையே மஞ்சளும் பழுப்புமாகக் கிடக்கும் மணிகள்தான் மோனசைட். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதைக் கண்டுபிடித்தார். இங்கிருந்து போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் தேடி வந்தார் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள்.

அன்றைக்கு மோனசைட்டின் மதிப்பெல்லாம் அதிலிருந்த தோரியத்துக்குத்தான். பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளைத் திரி, அதாவது மேன்டில், தோரியம் ஆக்சைடால் ஆனது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் தலையில் விளக்கைச் சுமந்து போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, தங்கள் கால்மாட்டில் கிடக்கும் மணல்தான் கடல் கடந்து போய்த் திரும்பி வந்து தலைக்கு மேலே எரிகிறது என்று.

தோரியத்தை எடுத்தபின் மிஞ்சுவதுதான் அருமண் தனிமங்கள். லாந்தனத்தில் தொடங்கி லுட்டீசியம் வரை பதினைந்து. பெயரில்தான் அருமை. மண்ணில் தாராளமாகவே இருக்கின்றன. அருமையாக இருந்தது, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பதுதான். பதினைந்தும் வேதியியல் குணத்தில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று கரையும் அமிலத்தில் மற்றொன்றும் கரையும். ஒன்று படியும் இடத்தில் மற்றொன்றும் படியும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1841-இல் மொசாண்டர் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் ஒரு புதிய தனிமத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்து, அதற்கு டிடிமியம் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் இரட்டை என்று பொருள். லாந்தனத்தின் இரட்டை என்று நினைத்து வைத்த பெயர். நாற்பது வருஷத்துக்கு மேல் புத்தகங்களில் டிடிமியத்துக்கு என்று தனி இடம் இருந்தது. 1885-இல் வியன்னாவில் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் அதன் உப்பைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கி இரண்டாகப் பிரித்துவிட்டார். ஒரு பங்கு பச்சை உப்பு, மற்றது இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது. பச்சைக்கு பிரசியோடிமியம், பச்சை இரட்டையன் என்று பெயர். மற்றதற்கு நியோடிமியம், புது இரட்டையன். விளக்கு மேன்டிலைக் கண்டுபிடித்தவரும் இதே வெல்ஸ்பாக்தான்.

டிடிமியத்தின் அணு எடை, நிறம், உப்புகளின் கரைதிறன் என்று நாற்பது வருஷம் எத்தனை பேர் உட்கார்ந்து அளந்திருப்பார்கள்! யாரும் பொய் சொல்லவில்லை. தராசும் சரி, கையும் சரி. தாங்கள் அளந்த பொருள்தான் உலகத்தில் இல்லை.

பிரிப்பதற்கு அன்று இருந்த ஒரே நல்ல வழி, சூடாக்கிக் கரைத்து, ஆறவிட்டு, படிகத்தை ஒரு பக்கமும் மிஞ்சிய நீரை மறுபக்கமும் வைத்து, மறுபடியும் அதையே செய்வது. அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் என்பவர் 1911-இல் தூலியம் உப்பைச் சுத்தமாக எடுக்க ஏறக்குறைய 15,000 முறை படிகமாக்கினார். அத்தனையும் செய்து கிடைப்பது சில கிராம்.

இனி அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வருகிறேன். மக்காச்சோளமும் பன்றியும் வளர்க்கும் சமவெளி. அங்கே ஏம்ஸ் என்ற சிறிய ஊரில் ஒரு மாநிலக் கல்லூரி. விவசாயத்துக்கும் இயந்திரத் தொழிலுக்கும் என்று தொடங்கியது. 1937-இல் அங்கே இயற்பிய வேதியியல் பிரிவுக்குத் தலைவராக ஃபிராங்க் ஸ்பெடிங் என்பவர் வந்தார். கனடாவில் பிறந்தவர். 1929-இல் பெர்க்லியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பொருளாதார மந்தக் காலம் ஆகையால், பரிசெல்லாம் வாங்கியும் எட்டு வருஷம் நிரந்தர வேலை இல்லாமல் ஊர் ஊராகத் தற்காலிகப் பதவிகளில் சுற்றியவர்.

அவருக்குப் பிடித்த விஷயம் அருமண் உப்புகள் ஒளியை உறிஞ்சும் விதம். அதற்குச் சுத்தமான உப்பு வேண்டும். அது விலைக்குக் கிடையாது. சிகாகோவைச் சேர்ந்த ஹெர்பர்ட் மெக்காய் என்ற மூத்த வேதியியலாளர் தாம் பிரித்தெடுத்த யூரோப்பியத்தில் கொஞ்சம் கொடுத்து உதவினார். ஒரு பொருளுக்காக இன்னொருவரின் அன்பை நம்பியிருக்க வேண்டிய நிலை. ஸ்பெடிங் அதை மறக்கவில்லை.

1942 தொடக்கத்தில் சிகாகோவில் ஆர்தர் காம்ப்டன் தலைமையில் அணு உலை முயற்சி ரகசியமாகத் தொடங்கியது. அந்தக் கூடத்துக்கு வேண்டுமென்றே உலோகவியல் ஆய்வகம் என்று பெயர் வைத்தார்கள். வேதியியல் பிரிவை நடத்த ஸ்பெடிங்கைக் கூப்பிட்டார்கள். வாரத்தில் பாதி நாள் சிகாகோ, பாதி நாள் ஏம்ஸ் என்று அவர் ரயிலில் அலைந்தார்.

அங்கே முதல் பிரச்சினை யுரேனிய உலோகம். உலைக்கு டன் கணக்கில் வேண்டும். 1941 முடியும்போது நாட்டில் நல்ல உலோகமாக இருந்தது கிராம் கணக்கில்தான். அதுவும் சாதாரணச் சுத்தம் போதாது. போரான், காட்மியம், காடோலினியம் போன்றவை நியூட்ரானை விழுங்கிவிடும். பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு இருந்தாலும் உலை ஓடாது. சுத்தம் என்ற சொல் அதுவரை ஆய்வுக்கூடத்து ஆசாரமாக இருந்தது. அன்று முதல் அதுவே உயிர்நாடியானது.

ஏம்ஸில் இந்த வேலையை ஏற்றவர் ஹார்லி வில்ஹெல்ம். 1900-இல் அயோவாவில் பிறந்தவர். கல்லூரி நாளில் விளையாட்டு வீரர். உலோக வேதியியலில் கைதேர்ந்தவர். அவரும் வேன் கெல்லர் என்ற துணை ஆய்வாளரும் சேர்ந்து பல வழிகளை முயன்று பார்த்தார்கள். கடைசியில் கைகொடுத்தது பச்சை நிறத்து யுரேனியம் டெட்ராஃபுளோரைடு. அதைக் கால்சியத் துகளோடு கலந்து, உள்பூச்சு பூசிய இரும்புக் குழாயில் போட்டு மூடிப் பற்றவைக்க வேண்டும். ஃபுளோரினைக் கால்சியம் பிடுங்கிக்கொள்ளும்போது வருகிற சூடே எல்லாவற்றையும் உருக்கிவிடும். யுரேனியம் தண்ணீரைப் போலப் பத்தொன்பது மடங்கு கனம். அடியில் போய்த் தங்கிவிடும். கசடு மேலே மிதக்கும். ஆறிய பிறகு உடைத்து எடுத்தால் அடியில் உலோகக் கட்டி.

1942 ஆகஸ்டு 3-இல் கிடைத்த முதல் கட்டி 35 கிராம். ஏழு வாரத்தில் ஐந்து கிலோக் கட்டி தயார். அதை வில்ஹெல்ம் தம் கையாலேயே ரயிலில் சிகாகோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளே பொள்ளலாக இருக்கும் என்று காம்ப்டனுக்குச் சந்தேகம். அறுத்துப் பார்த்தார்கள். முழுக்கத் திடமாக இருந்தது.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அதற்கு முன் வந்த கையேடுகளில் யுரேனியத்தின் உருகுநிலை உண்மையைவிடப் பல நூறு டிகிரி அதிகமாகப் போட்டிருந்தது. சுத்தமான உலோகம் 1132 டிகிரியிலேயே உருகிவிடும். முன்னால் அளந்தவர்களிடம் இருந்தது ஆக்சைடும் கார்பைடும் கலந்த யுரேனியம். அவர்கள் அளந்தது அந்தக் கலப்படத்தின் குணத்தை. டிடிமியம் கதையேதான் மறுபடியும்.

கல்லூரி ஓரத்தில் இருந்த ஒரு பழைய மரக்கட்டடத்தில் உற்பத்தி தொடங்கியது. பக்கத்து ஊரான ஆங்கனியில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்ததால், இதற்குச் சின்ன ஆங்கனி என்று செல்லப்பெயர் வைத்தார்கள். சும்மா வைக்கவில்லை, தீப்பிடித்ததும் உண்டு, வெடித்ததும் உண்டு. கால்சியம் போதாமல் மெக்னீசியத்துக்கு மாறினார்கள். மெக்னீசியம் தரும் சூடு குறைவு. அதனால் பாத்திரம் முழுவதையும் உலையில் வைத்து, தானே பற்றும்வரை சூடாக்கினார்கள். டிசம்பர் 2-இல் சிகாகோவில் உலகின் முதல் அணு உலை ஓடியபோது, அதிலிருந்த யுரேனிய உலோகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சுமார் இரண்டு டன், ஏம்ஸ் கொடுத்தது. யுத்தம் முடிவதற்குள் ஆயிரம் டன்னுக்கு மேல் உருக்கிக் கொடுத்தார்கள். 1945 அக்டோபரில் ராணுவத்தின் உற்பத்திச் சிறப்புக் கொடி அந்தக் கல்லூரிக்குக் கிடைத்தது. பெரிய தொழிற்சாலைகளுக்குத் தரும் கொடி அது.

செய்தவர்கள் யார் என்றால், பேராசிரியர்கள் கொஞ்சம் பேர், உள்ளூர்த் தொழிலாளர்கள், மீதி எல்லாம் மேற்படிப்பு மாணவர்கள். ஆய்வேட்டை நிறுத்தி வைத்துவிட்டு ஷிப்டு பார்த்தவர்கள். வீட்டில் மனைவியிடம்கூட என்ன வேலை என்று சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பெடிங் எல்லோரையும் கூட்டி வைத்து வாரத்துக் கணக்குக் கேட்பார். அந்தக் கூட்டத்துக்குப் பையன்கள் ஸ்பெடினார் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். எந்த ஊரானாலும் மாணவர்கள் மாணவர்கள்தான்.

ஏட்ரியன் டேன் என்ற மாணவர் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். யுத்தக் காலம் முழுக்க அந்த வேலையில் இருந்து, 1950-இல்தான் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இதற்கு விலையும் உண்டு. யுரேனியம், தோரியம், பெரிலியம் ஆகியவற்றின் தூசியை அவர்கள் சுவாசித்தார்கள். அணுவேலையில் நோயுற்றவர்களுக்கு நஷ்டஈடு தர அமெரிக்கா 2000-இல் சட்டம் போட்டது. அதில் ஏம்ஸில் வேலை செய்தவர்களும் வருகிறார்கள். அந்த உலோகம் எதற்குப் போனது என்பதையும் மறைக்க வேண்டாம். 1945 ஆகஸ்டில் ஜப்பானில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நான் அவர்களின் கைத்திறனைப் போற்றும்போதெல்லாம் இது இரண்டும் ஓரத்தில் நின்றுகொண்டுதான் இருக்கும்.

யுத்தம் முடிந்தது. 1947-இல் அணுசக்தி ஆணையத்தின்கீழ் ஏம்ஸ் ஆய்வகம் முறைப்படி அமைந்தது. ஸ்பெடிங் தம் பழைய ஆசைக்குத் திரும்பினார். யுரேனியம் பிளவுபடும்போது அருமண் தனிமங்களும் உண்டாகும் என்பதால், அவற்றைப் பிரிக்கும் தேவை யுத்தக் காலத்திலேயே எழுந்திருந்தது. அதற்குக் கிடைத்த புது வழி அயனிப் பரிமாற்றம்.

அதை எளிதாகச் சொல்கிறேன். உயரமான கண்ணாடிக் குழாயில் ரெசின் மணிகளை நிரப்புவார்கள். அருமண் உப்பின் கரைசலை மேலே ஊற்றினால் அயனிகள் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சிட்ரேட் கரைசலை மெதுவாக விடுவார்கள். எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலத்தின் உப்பு. அது அயனிகளை மணியிலிருந்து பிடுங்கிக் கீழே கொண்டுபோகும். அங்கே மறுபடி ஒட்டும், மறுபடி பிடுங்கும். கனமான தனிமங்களின் அயனி கொஞ்சம் சிறியது; அதை சிட்ரேட் கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கும். அந்தக் கொஞ்சம்தான் மூலதனம். குழாயின் நீளத்தில் ஆயிரக்கணக்கான முறை இது நடக்கும்போது வரிசை பிரிந்துவிடும். லுட்டீசியம் முதலில் வெளியே வரும், லாந்தனம் கடைசியில். நியோடிமியம் முன்னால், அதன் பின்னால் பச்சை இரட்டையன். சார்லஸ் ஜேம்ஸ் வருஷக்கணக்கில் கையால் செய்ததைப் புவியீர்ப்பு தானாகச் செய்துகொண்டிருக்கும்.

1947 நவம்பரில் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் ஏம்ஸ் குழுவினரும் ஓக் ரிட்ஜ் குழுவினரும் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ரகசியமாக இருந்தது எல்லோருக்கும் பொதுவானது. பின்னால் சிட்ரேட்டுக்குப் பதில் ஈ.டி.டி.ஏ. வந்தது. கிலோ கணக்கில் சுத்தமான ஆக்சைடு கிடைத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ஏம்ஸ் அனுப்பி வைத்தது. மெக்காய் செய்த உதவிக்கு இதைவிட நல்ல பதில் மரியாதை இருக்க முடியாது.

ஆக்சைடு கிடைத்தால் உலோகம் கிடைத்த மாதிரி அல்ல. நியோடிமியத்தைக் கால்சியம் கொண்டு உலோகமாக்கிவிடலாம். சமேரியம், யட்டர்பியம் இரண்டும் அதற்கு மசியாமல் பாதி வழியில் நின்றுவிடும். டேன் குழுவினர் 1953-இல் வெளியிட்ட உபாயம் எனக்கு இன்றும் பிடித்தமானது. சமேரியம் ஆக்சைடோடு லாந்தன உலோகத்தைக் கலந்து, டான்டலம் மூசையில் வைத்து, வெற்றிடத்தில் சூடாக்கினார்கள். சமேரியம் சுலபமாக ஆவியாகும், லாந்தனம் ஆகாது. உண்டாகிற சமேரியம் உடனுக்குடன் ஆவியாகி மேலே போய்ப் படிந்துவிடுவதால் வினை பின்வாங்க முடியாது. ஒரே வேலையில் உலோகமாக்குவதும் நடக்கும், வாலை வடிப்பதும் நடக்கும். வேதியியலும் உலோகவியலும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்த யோசனை அது.

ஸ்பெடிங்கிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் 88 பேர். அந்த மாணவர்களின் ஆய்வேடுகளைப் பார்த்தால் ஒரு பொதுக்குணம் தெரியும். முதல் பகுதி முழுக்க, தன் பொருளை எப்படித் தயாரித்தேன், அதில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான். அளந்த கதை அதற்குப் பிறகுதான் வரும்.

இனி என் கதை.

1961-இல் எம்.எஸ்சி. முடித்து ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாதம் ஒரு சிறு உதவித்தொகை, விடுதியில் ஒரு கட்டில். எனக்குக் கிடைத்த தலைப்பு நியோடிமியம் சேர்மங்களின் காந்த குணம். கூய் தராசு என்று ஒன்று உண்டு. பொருளை மெல்லிய குழாயில் அடைத்து, தராசின் ஒரு தட்டில் கட்டி, காந்தத்தின் நடுவே தொங்கவிட வேண்டும். மின்சாரத்தைப் போட்டதும் எடை மாறும். அந்த மாற்றத்திலிருந்து அயனியின் காந்தத் திருப்புத்திறனைக் கணக்கிடலாம்.

நியோடிமியத்துக்கு வர வேண்டிய எண் 3.62. எனக்கு 3.6 சுற்றிலும் வந்தது. எத்தனை முறை செய்தாலும் வந்தது. எங்கள் சாருக்குச் சந்தோஷம். இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினார். அச்சில் வந்தது. அவர் பெயரும் என் பெயரும். ஊருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பெயர் இருந்த இடத்தை யாரையோ விட்டுக் காட்டச் சொல்லி, அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

மூன்றாம் வருஷம் பக்கத்துத் துறைக்கு ஒரு பெக்மன் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வந்தது. புது யந்திரத்தைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில், என் உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். நியோடிமியத்தின் வரிகள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. கூடவே 444-இல் கூர்மையாக ஒன்று. அன்று மில்லிமைக்ரான் என்போம், இப்போது நானோமீட்டர். 444 பச்சை இரட்டையனின் கையெழுத்து. கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரித்தேன். அதே இடத்தில் அதே கூர்மை. பத்தில் ஒரு பங்கு இருக்கலாம் என்று கணக்கு சொன்னது.

சுத்தம் என்று லேபிள் ஒட்டிய சீசாதான். அலமாரியில் எந்தக் காலத்திலிருந்தோ இருந்தது. பச்சையும் ஊதாச் சிவப்பும் ஒன்றை ஒன்று மறைக்கும் நிறங்கள் ஆகையால் கண்ணுக்கும் தெரியவில்லை.

என் எண் மட்டும் ஏன் சரியாக வந்தது? அன்று இரவு விடுதியில் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. பிரசியோடிமியத்தின் எண் 3.58. நியோடிமியத்தின் எண் 3.62. பத்தில் ஒரு பங்கு கலந்தாலும் மூன்றாம் தசம இடத்தில்தான் வித்தியாசம் தெரியும். என் தராசு அவ்வளவு நுட்பமானது அல்ல. சரியான விடை வந்ததால்தான் மூன்று வருஷம் நான் சந்தேகமே படவில்லை. தப்பாக வந்திருந்தால் முதல் மாதமே பிடித்திருப்பேன்.

மறுநாள் சாரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நம்பர் மாறுமா தம்பி?"

"மாறாது சார்."

"அப்ப என்ன பிரச்சனை? பிழை எல்லைக்குள்ளதானே இருக்கு. எழுதிக் குடு."

"எதோட நம்பர்னு கேட்டா என்ன சார் சொல்றது?"

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "கேக்க மாட்டாங்க."

அவர் கெட்டவர் அல்ல. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். புது ஆக்சைடு வாங்கப் பணம் இல்லை. ரெசினும் ஈ.டி.டி.ஏ.யும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அன்னியச் செலாவணிக்கு விண்ணப்பித்தால் வருஷம் ஆகும். நூலகத்தில் ஏம்ஸ்காரர்கள் எழுதிய கட்டுரைகள் இருந்தன. நான் ராத்திரியில் உட்கார்ந்து படித்து, குழாயின் படத்தைக்கூட நோட்டில் வரைந்து வைத்தேன். வரைந்த குழாயில் எதைப் பிரிப்பது?

வெல்ஸ்பாக் வழியில் இறங்கினேன். மெக்னீசியம் நைட்ரேட்டோடு இரட்டை உப்பாக்கி, கரைத்து, ஆறவைத்து, படிகத்தை எடுத்துவிட்டு, மிஞ்சிய நீரை வைத்துக்கொள்வது. பச்சைக்காரன் படிகத்தில் கொஞ்சம் அதிகமாகப் போவான். எட்டு மாதம் செய்தேன். பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக, எண் போட்டு. 444-இல் இருந்த மேடு தாழ்ந்துகொண்டே வந்தது. பாதியாயிற்று, கால்வாசியாயிற்று. மறையவில்லை. அதே வேகத்தில் என் உப்பும் குறைந்துகொண்டே வந்தது. உதவித்தொகையும் முடிந்தது. வீட்டில் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு. ஒரு தொழிற்சாலையில் வேதியியலாளர் வேலை கிடைத்தது. போய்விட்டேன். ஆய்வேடு எழுதவில்லை.

இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஏனென்றால், ஆய்வேடு எழுதாமல் விட்டேனே தவிர, அச்சில் வந்த அந்த இரண்டு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு திருத்தம் எழுதி அனுப்ப ஒரு தபால்தலை போதும். முதலில் சார் மனசு நோகும் என்று தள்ளிப் போட்டேன். அவர் காலமான பிறகு, இப்போது எழுதினால் அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பில்லையே என்று தள்ளிப் போட்டேன். அப்பா போட்ட பென்சில் கோடும் ஒரு காரணம். அந்தக் குறிப்பு இன்றும் ஏதோ ஒரு நூலகத்தில் பைண்டு செய்த தொகுதியில் இருக்கிறது. எண் சரி. பெயர் சரியில்லை.

எங்கள் கடற்கரைக் கதை வேறு விதமாக வளர்ந்தது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கியது. 1952 டிசம்பரில் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையை நேரு திறந்து வைத்தார். மேன்டில் காலத்தில் மூட்டை மூட்டையாகப் போன மணலை இங்கேயே பிரிக்கத் தொடங்கினோம். வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்து, வேறொரு ஊரில், ரெசின் நிரப்பிய குழாய்கள் வரிசையாக நிற்பதை முதல்முறை நேரில் பார்த்தேன். ஒரு பெரிய சீசாவில் ஊதாச் சிவப்புக் கரைசல் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த சீசாவில் வெளிறிய பச்சை. கூட வந்தவர் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. நான் எட்டு மாதம் தேடியது அந்த இரண்டு சீசாவுக்கும் நடுவே இருந்த இடைவெளி.

பேத்தியின் காந்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. நியோடிமியமும் இரும்பும் போரானும் சேர்ந்த காந்தம் 1980-களின் தொடக்கத்தில் இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பிறந்தது. ஜப்பானில் சகாவா. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட். இந்தக் குரோட் ஏம்ஸில் ஸ்பெடிங்கிடம் படித்தவர். பச்சை உப்பைக் குழாயில் போட்டுப் பற்றவைத்த மரக்கட்டடத்திலிருந்து இன்று கைப்பேசியில் இருக்கும் காந்தம் வரை, ஒரே பழக்கம் கைமாறி வந்திருக்கிறது. முதலில் பொருளைச் சுத்தமாக்கு, பிறகு அளந்து பார். அந்தப் பழக்கத்தை எனக்குச் சொல்லித்தர ஆள் இருந்தது. பல்லாயிரம் மைல் தள்ளி, அச்சு எழுத்தில். நான்தான் மூன்று வருஷம் தாமதமாகப் படித்தேன்.

இதையெல்லாம் போன வாரம் பேத்தியிடம் போனில் சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"திருத்தம் அனுப்பலையா தாத்தா?"

"இல்ல மக்களே."

"சரி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அம்மாவும் இப்படித்தான்.

நேற்று ராத்திரி வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கூரியர் வந்துவிட்டதாம். சீசாவைத் திறந்ததும் முதல் வேலையாகக் கொஞ்சம் எடுத்துக் கரைத்து நிறமாலை எடுத்திருக்கிறாள். 444 இருக்கும் இடத்தைச் சிவப்பு வட்டமிட்டு அனுப்பியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. ஒன்றும் இல்லை.

அந்த இதழ் வேறு பெயரில் இன்னும் வருகிறது என்று அவளே தேடிச் சொன்னாள். ஆசிரியர் குழுவின் முகவரியையும் அனுப்பியிருக்கிறாள். இன்று காலை ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் சார் பெயரை எப்படிக் குறிப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.